வால்தம்ஸ்டோவில் நான் நிமிர்த்திய செருப்பு

என் கையெழுத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். முப்பத்திரண்டு வருடங்களாக மாவு பிசைந்த விரல்கள் இவை. பேனாவைப் பிடித்தால் வழுக்குகின்றன. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதால் எந்த இடத்தில் எந்த ளகரம் என்பதிலும் எனக்கு எப்போதும் சந்தேகம். எங்கள் பங்குச் சுவாமி, "லண்டன் போய் வந்தனீர், திருநாள் மலருக்கு நாலு பக்கம் எழுதித் தாரும்" என்று கேட்டபோது தட்டிக்கழிக்கப் பார்த்தேன். "பிழையை நான் திருத்திறன், நீர் நடந்ததை எழுதும்" என்றார். ஆகவே பிழை ஏதும் மிஞ்சியிருந்தால் அதில் பாதி சுவாமியுடையது.

மன்னாரில் என் பேக்கரிக்கு வருகிறவர்களுக்குத் தெரியும், நான் அதிகம் கதைக்கிறவன் அல்ல. "எத்தனை றாத்தல் பாண்?" என்பதற்கு மேல் பலரிடம் ஒரு சொல்லும் பேசியதில்லை. அப்படிப்பட்ட என்னைத்தான், கதைக்காமல் இருக்கும் இரண்டு பேரைக் கதைக்க வைக்க லண்டனுக்குக் கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டவள் என் மருமகள் ஜெனி. லண்டனின் தெற்கே மிச்சம் என்ற இடத்தில் இருக்கும் என் அக்கா திரேசாவின் ஒரே மகள். முப்பது வயது.

"மாமா, அம்மாவும் அப்பாவும் கதைக்கிறேல்லை. ஒரே வீடு, ரெண்டரை வருசம். ஐ கான்ட் டேக் இட். நீங்க வாங்கோ."

"நான் வந்து என்னத்தைக் கதைக்கிறது பிள்ளை?"

"நத்திங். சும்மா நடுவிலை இருங்கோ."

நடுவில் இருப்பது எனக்கு முடியும். ஒரு மாதத்துக்கு பேக்கரியைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பங்குனி மாதக் குளிரில் அக்கா வீட்டுக் கதவைத் திறந்தபோது உள்ளே நல்ல விளைமீன் குழம்பு வாசம். அக்கா கட்டிப்பிடித்து அழுதார். அத்தான் யோக்கிம் முன்னறையிலிருந்து எழுந்து வந்து கையைக் குலுக்கினார். இரண்டு பேரும் என்னைச் சுற்றி நின்று சிரித்தபோது ஜெனி சொன்னது பொய்யோ என்று நினைத்தேன்.

"தம்பி, தேத்தண்ணி போட்டிருக்கெண்டு அந்த மனுசனிட்டைச் சொல்லு" என்றார் அக்கா.

அந்த மனுசன் அக்காவுக்கு மூன்றடி தூரத்தில் நின்றார்.

"அத்தான், தேத்தண்ணி போட்டிருக்காம்."

"சீனி போட்டதோ எண்டு கேள்."

"சீனி போட்டதோ அக்கா?"

"அந்த மனுசனுக்குச் சீனி வருத்தம் இருக்கெண்டு அந்த மனுசனுக்கு ஞாபகப்படுத்து."

முதல் நாளே தொண்டை வறண்டுவிட்டது. என் வாழ்நாளில் ஒரு மணி நேரத்துக்குள் அவ்வளவு வார்த்தை நான் பேசியதில்லை.

காரணத்தைக் குசினியில் அக்கா சொன்னார். முன்னறைச் சுவரில் இயேசுவின் திருஇருதயப் படம் இருந்தது. மன்னாரிலிருந்து கையில் கொண்டுவந்து, சுவாமியைக் கூப்பிட்டு மந்திரித்து மாட்டிய படம். ஒரு ஞாயிறு அக்கா பூசைக்குப் போய்த் திரும்பியபோது அந்த இடத்தில் அறுபத்தைந்து அங்குலத் தொலைக்காட்சி நின்றது. படம் மாடிப்படித் திருப்பத்துக்குப் போயிருந்தது.

"ஆண்டவரைக் கொண்டுபோய்ப் படியிலை நிப்பாட்டினவர் தம்பி, சாமான் கொண்டுவந்த ஆளை நிப்பாட்டிற மாதிரி."

முன்னறையில் அத்தானின் பக்கம் வேறாக இருந்தது. "படியிலை வைச்சா நல்லதெல்லோ? மேல போகேக்கை ஒருக்கா, கீழ வரேக்கை ஒருக்கா. முந்தி கொக்கா நாளுக்கு ஒருக்காத்தான் கும்பிட்டவ."

இரண்டு பேர் சொன்னதும் எனக்கு நியாயமாகவே பட்டது. நான் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டேன்.

சாப்பிட்ட பிறகு அத்தான் குசினிக்குள்ளால் பின்கதவைத் திறந்து தோட்டத்தில் நின்று சிகரெட் பிடித்தார். திரும்பி வந்து றப்பர் செருப்பை மிதியடியில் உதறிவிட்டு முன்னறைக்குப் போனார். ஒன்று கவிழ்ந்து விழுந்தது. அக்கா சட்டியைக் கழுவியபடியே திரும்பிப் பார்க்காமல் காற்பெருவிரலால் அதை நிமிர்த்திவிட்டு, "நாளைக்கு இறால் வாங்குவம்" என்று என்னிடம் சொன்னார்.

லண்டன் பாணைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் போனால் என் தொழிலுக்கு மரியாதையில்லை. கடையில் வெட்டி அடுக்கி, பையில் போட்டு விற்கிறார்கள். அழுத்தினால் திரும்ப மாவாகிவிடுகிறது. மொறுமொறுப்பான கரை என்பது பெயருக்குத்தான். நாலாம் நாள் அக்கா வீட்டு அடுப்பில் நானே கரை சிவக்க ஒரு றோஸ் பாண் போட்டேன். அத்தான் பாதியைத் தின்றார். அக்கா மற்றப் பாதியைத் தின்றார். வேறு வேறு அறைகளில்.

ஜெனியின் வேலையைப் பற்றிக் கேட்டால் மட்டும் இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"முப்பது வயதிலையும் பொம்மை வைச்சு விளையாடுறாள்" என்றார் அத்தான்.

"பூனை எலியைத் துரத்திற படமாக்கும்" என்றார் அக்கா.

அவளுடைய வேலையிடம் நகரத்தின் அடுத்த பக்கம், வால்தம்ஸ்டோவில். அவள் விடியவே போய்விடுவாள். ஐந்தாம் நாள் நான் தனியாகப் போய்ப் பார்க்கத் துணிந்தேன். ஜெனி தாளில் எழுதித் தந்திருந்தாள். கோலியர்ஸ் வுட்டில் ஏறி, ஸ்டொக்வெல்லில் இறங்கி, எதிர்ப்பக்க ரயிலுக்கு மாறி, "எல்லாரும் இறங்கிற இடத்திலை இறங்குங்கோ மாமா, அதுதான் கடைசி ஸ்டேஷன்."

ஸ்டொக்வெல்லில் மாறினேன். அரை மணி நேரம் என்று ஜெனி சொன்ன இடம் எனக்கு மூன்று நிமிடத்தில் வந்துவிட்டது. எல்லாரும் இறங்கினார்கள். லண்டன் ரயிலின் வேகத்தை மெச்சிக்கொண்டு நானும் இறங்கினேன்.

வெளியே நல்ல சந்தை. மரவள்ளி, வாழைக்காய், ஐஸில் கிடக்கும் பாரை மீன். பாட்டுச் சத்தம். இவ்வளவு நல்ல இடத்தை விட்டுவிட்டு ஏன் மிச்சத்தில் வீடு வாங்கினார்கள் என்று யோசித்தபடி ஜெனியைத் தேடினேன். அரை மணி தேடிய பிறகு, ஊதாத் தொப்பி போட்ட ஒரு கறுப்பின அம்மாவிடம் தாளை நீட்டினேன். அவர் வாசித்தார், என்னைப் பார்த்தார், தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு இரண்டு கைகளையும் முடிந்தவரை விரித்து, வலது கையை ஆட்டி "பிரிக்ஸ்டன்" என்றார், இடது கையை ஆட்டி "வால்தம்ஸ்டோ" என்றார். நான் ரயில் பாதையின் தவறான நுனியில் நின்றேன்.

அவருடைய பையில் காகிதத்தில் சுற்றிய ஒரு பாண் இருந்தது. கை தானாகப் போய் அதை அழுத்திப் பார்த்தது. அழுத்திய இடம் மெல்ல எழும்பியது. பாண் என்றால் அது. நான் வெட்கத்தோடு மாவு பிசைவதுபோல் காட்டி, நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவருக்கு விளங்கிவிட்டது. ஒரு மூலையைப் பிய்த்து என் வாயருகே நீட்டினார். கொஞ்சம் இனிப்பு, நல்ல இறுக்கம். என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே கூட்டிவந்து சரியான ரயிலில் உட்கார வைத்து, பக்கத்தில் இருந்த பையனிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். "இந்தப் பிள்ளையைக் கடைசியில் இறக்கிவிடு" என்பதாக இருக்கும். எனக்கு வயது ஐம்பத்துமூன்று.

ஜெனியின் இடத்தை ஸ்டூடியோ என்றார்கள். எனக்கு அது பட்டறையாகத்தான் தெரிந்தது. தகரக் கூரை, கறுப்புத் திரை, விளக்குகள், ஒரு மூலையில் தேத்தண்ணிக் கேத்தில். ஜெனியோடு வேலை செய்பவர் மார்த்தா, நரைத்த தலையும் ஒரு காதில் மூன்று தோடுமாக ஓர் ஆங்கிலேய அம்மா. மேசைமேல் ஒரு வீடு இருந்தது. முன்பக்கச் சுவர் இல்லாத வீடு, என் இடுப்பு உயரம்.

குனிந்து பார்த்தேன். முன்னறையில் ஒரு மனிதன், கையளவு உயரம், களிமண் முகம், நல்ல வண்டி வயிறு. கையை நீட்டிச் சுடுவதுபோல் ரிமோட்டைப் பிடித்திருந்தான். குசினியில் ஒரு பெண், தாலிக்கொடியைப் பல்லில் கடித்தபடி வெங்காயம் வெட்டினாள். வெங்காயம் கடுகளவு. மாடிப்படித் திருப்பத்தில், தபால் முத்திரை அளவில், திருஇருதயப் படம்.

"ஐயோ பிள்ளை" என்றேன்.

"தெரியுதோ மாமா?"

"கொப்பற்றை வண்டியைக் கண்டாலே தெரியுதே."

ஜெனி சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. படம் பன்னிரண்டு நிமிடம், ஒரு சொல்லும் பேசாது என்றாள். பொம்மையை மயிரிழை அசைத்து ஒரு படம், பிறகும் அசைத்து ஒரு படம். நாள் முழுக்க உழைத்தால் நாலு விநாடி. ஒன்றரை வருடமாகச் செய்கிறாள். நான் ஊர் திரும்புவதற்கு முதல் சனிக்கிழமை அந்தப் பட்டறையில் எல்லாருடைய படங்களையும் காட்டுகிறார்கள். அன்றைக்கு அம்மா அப்பா இருவரையும் கூட்டிவந்து இதைக் காட்ட வேண்டும் என்பது அவள் எண்ணம்.

"காட்டி?"

"தெரியாது மாமா. இதுக்கு எண்டிங்கும் இல்லை. அவை கதைச்சா நல்லம். இல்லாட்டி நான் வீட்டை விட்டு இஞ்சாலை மூவ் பண்ணப்போறன். அவைக்கு இன்னும் சொல்லேல்லை."

அவள் போய்விட்டால் அந்த வீட்டில் தேத்தண்ணி இருக்கிறது என்று சொல்லக்கூட ஆள் இருக்காது.

அதன்பிறகு தினமும் ஜெனியோடு போனேன். களிமண் குளிரில் கல்லாகிவிடுகிறது, பிசைந்து சூடாக்கினால்தான் முகத்துக்கு ஆகும். மார்த்தா ஒரு கட்டியை என்னிடம் தந்தார். பத்து நிமிடத்தில் அது வெண்ணெயாகத் திரும்பியது. மார்த்தா ஜெனியிடம் சொன்னதை ஜெனி எனக்குச் சொன்னாள். "இருபது வருடமாக என் மணிக்கட்டுகள் இந்த மனிதருக்காகத்தான் காத்திருந்தன." நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் களிமண்ணையே பார்த்தேன்.

ஒரே ஒரு சட்டம். "மாமா, செட்டிலை ஒண்டையும் தொடாதீங்கோ. ஒரு மயிர் அசைஞ்சாலும் எல்லாம் போச்சு. ஓகே?"

"ஓம் பிள்ளை."

இரண்டாம் கிழமை ஒரு பின்னேரம் அவர்கள் என்னை இப்படிப்பட்ட படங்கள் காட்டும் ஒரு சின்ன மண்டபத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு சின்னப்பிள்ளையைக்கூடக் காணவில்லை. நரைத்தவர்கள், கண்ணாடி போட்டவர்கள், வேலைக்குப் போட்ட சப்பாத்தோடேயே வந்தவர்கள். எனக்குப் பக்கத்தில் கழுத்து முழுக்கப் பச்சை குத்திய ஒரு பெரிய மனிதர். அன்று பார்த்த ஒரு படம் துணியில் ஊசியும் நூலும் கொண்டு தைத்தது. ஆசுப்பத்திரியில் ஒரு தாதி கடைசி மூச்சில் கிடக்கும் ஒருவருக்குச் சவரம் செய்கிறாள். அவ்வளவுதான் கதை. மெல்ல, கன்னம் கன்னமாக, ஒரு கீறல் விழாமல். முடிந்ததும் நூலை ஒவ்வொன்றாக உருவினார்கள். முகம் போய்விட்டது. வெறும் துணியில் ஊசித் துளைகள் மட்டும் முகம் மாதிரி நின்றன. பச்சை குத்திய மனிதர் விக்கி விக்கி அழுதார். அழுதுகொண்டே தன் உருளைக்கிழங்குப் பொரியல் பையை என் பக்கம் நீட்டினார். நானும் அழுதுகொண்டே எடுத்தேன்.

அத்தான் சொன்னதுபோல் பொம்மை பிள்ளைகளுக்குத்தான் என்று நானும் நினைத்திருந்தேன். அன்றுதான் எங்கள் பக்கத்து உடக்குப்பாஸ் நினைவு வந்தது. தபசு காலத்தில் ஆள் உயர உருவங்களைப் பின்னால் நின்று அசைத்து ஆண்டவரின் பாடுகளைக் காட்டுவார்கள். மரத்தால் செய்த மாதா மரத்தால் செய்த மகனைப் பார்க்கும்போது அழாத பெரிய ஆளை நான் கண்டதில்லை. இங்கேயும் அதுதான் நடக்கிறது. இங்கே சிலுவைக்குப் பதில் சவரக்கத்தி.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

அந்தக் கிழமை அவர்கள் எடுத்தது, ஆள் இல்லாத குசினியில் காலை வெயில் மாலை வெயிலாக மாறும் காட்சி. பின்கதவு, மிதியடி, அதன்மேல் ஒரு சோடி றப்பர் செருப்பு. சுண்டுவிரல் நகத்தளவு. விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி இரண்டு நாள் எடுத்தார்கள். இரண்டாம் நாள் பின்னேரம் எட்டு விநாடியையும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். வெயில் அழகாக நகர்ந்தது. நடுவழியில், கவிழ்ந்து கிடந்த ஒரு செருப்பு டக்கென்று தானாக நிமிர்ந்து உட்கார்ந்தது.

"ஹூ டச்ட் இட்?" என்றாள் ஜெனி.

மார்த்தா தான் இல்லை என்றார். ஜெனி தானும் இல்லை என்றாள். விளக்குச் சூட்டில் பசை இளகியிருக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். என்னை யாரும் பார்க்கவேயில்லை. சொன்ன சொல்லைக் கேட்கிற ஆள் நான் என்று அவ்வளவு நம்பிக்கை.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. முந்தின நாள் அவர்கள் தேத்தண்ணியோடு வாசலுக்குப் போனபோது அந்தக் கடுகு வெங்காயத்தைப் பார்க்க எழுந்து போனேன். செருப்பு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதற்குப் பிறகு என் விரல் என்ன செய்தது என்று விரலுக்குத்தான் தெரியும்.

வீடு திரும்பும் ரயிலில் ஜெனி கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தாள். அடுத்த ஸ்டேஷனில் சொல்லுவோம், அடுத்த ஸ்டேஷனில் சொல்லுவோம் என்று கோலியர்ஸ் வுட் வந்துவிட்டது. அக்கா வீட்டில் அன்றைக்குக் கதைக்காத ஆட்கள் மூன்று பேர்.

காலையில் ஸ்டேஷனுக்குப் போகும் பஸ்ஸில் ஜெனி பக்கத்தில் உட்கார்ந்ததும், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துச் சொன்னேன்.

"ஜெனி, அந்தச் செருப்பு நான்தான்."

"வாட்?"

"நான்தான் நிமித்தினனான்."

"மாமா! டோன்ட் டச் எண்டு சொன்னனான் எல்லோ! ஏன்?"

"கவிண்டு கிடந்தது."

"ஓகே, கவிண்டு கிடந்தது. சோ?"

"செருப்பு கவிண்டு கிடந்தா வீட்டிலை சண்டை வரும் பிள்ளை. ஆர் பாத்துக்கொண்டு இருப்பினம்?"

அவள் என்னை முறைத்தாள். முன் இருக்கை அம்மா ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றாள். "சும்மா அவசரத்திலை கழட்டின மாதிரி இருக்கட்டும் எண்டுதான் அப்பிடி வைச்சனான்."

"கொம்மா சொல்லேல்லையோ? அவதானே ஒவ்வொரு நாளும் நிமித்திறவ."

"எதை?"

"கொப்பற்றை செருப்பை. அவர் சிகரெட் பத்திப்போட்டு வந்து உதறிப்போட்டுப் போவார். ஒண்டு கவிழும். அவ காலாலை நிமித்திவிடுவா. நாளுக்கு அஞ்சாறு தரம். நான் வந்த நாளிலை இருந்து பாக்கிறன்."

ஜெனி குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தாள். "அம்மா சும்மா டைடி பண்ணிறா எண்டெல்லோ நினைச்சனான்" என்று தனக்குள் சொன்னாள். பிறகு என் கையைப் பிடித்தாள். "அவரோடை கதைக்காம இருந்துகொண்டு... சண்டை வரக் கூடாதெண்டு நிமித்திறாவோ?"

அப்படிச் சேர்த்து நான் யோசித்ததில்லை. "ஓம் போலை" என்றேன்.

இறங்க வேண்டிய இடத்தை பஸ் எப்போதோ தாண்டிவிட்டது. இரண்டு பேரும் டூட்டிங்கில் இறங்கித் திரும்பி நடந்தோம். கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால் அவள் எனக்கு முன்னால் பாதி ஓட்டமாகப் போனாள். "எண்டிங் கிடைச்சிட்டுது மாமா! வேகமா வாங்கோ!"

அடுத்த ஒன்பது நாட்களும் எனக்குத் திருநாள்தான். மார்த்தா பெண் பொம்மைக்குப் புதிதாக ஒரு வலது கால் செய்தார். அந்தப் பெருவிரலுக்கான களிமண் நான் பிசைந்தது. கால் எப்படி வளையும், குதி எவ்வளவு எழும்பும் என்று பார்க்க ஓர் ஆளின் கால் வேண்டும் என்றார்கள். கமராவுக்கு முன்னால் காலுறையைக் கழற்றிவிட்டு அறுபது எழுபது தரம் செருப்பை நிமிர்த்திக் காட்டினேன். இந்த ஒல்லிக் கால் படம் எடுக்கப்படும் என்று யாராவது சொல்லியிருந்தால் ஊரில் நகமாவது வெட்டிக்கொண்டு வந்திருப்பேன்.

சனிக்கிழமைக்கு இருவரையும் கூட்டிவருவது என் பொறுப்பு. கெஞ்சத் தெரியாது. ஆனால் தொலைந்துபோகத் தெரியும். குசினியில் அக்காவிடம் சொன்னேன், "எனக்கு வழி தெரியாது அக்கா, திரும்பவும் பிரிக்ஸ்டனிலை போய் நிண்டா?" முன்னறையில் அத்தானிடமும் அதையே சொன்னேன்.

"பாவம், விசரன்" என்றார் அத்தான். "நான் கூட்டிக்கொண்டு போறன்."

"இவனை நம்பி விட ஏலாது" என்றார் அக்கா. "நான் வாறன்."

ரயிலில் நான் நடுவில். பட்டறையிலும் நான் நடுவில். நாற்பது நாற்காலி, வெள்ளைத் திரை, சுவரோரம் மேசையில் நான் முந்தின நாள் போட்ட பாண். ஜெனி உட்காரவில்லை. கதவருகே, ஓடுவதற்கு வசதியாக நின்றாள்.

விளக்கு அணைந்தது. அந்தக் குட்டி வீடு திரை முழுக்க வந்தது.

முதலில் அத்தான் என் காதில், "உந்த வண்டி ஆற்றையடா?" என்று கேட்டார். பொம்மை ரிமோட்டைச் சுடுவதுபோல் நீட்டியபோது மண்டபம் சிரித்தது. அத்தானின் வலது கை மெல்ல மடிக்குள் போனது. படியில் திருஇருதயப் படம் வந்தபோது அக்கா சிலுவை போட்டார். அதன்பிறகு அவர் அசையவில்லை. கேத்தில் சத்தம், தண்ணீர்க் குழாய்ச் சத்தம், தொலைக்காட்சிச் சத்தம். இரண்டு பொம்மைகளும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே வீட்டில் நடந்தன, படுத்தன, எழுந்தன. சிரிப்பு நின்றுவிட்டது. தவறு செய்துவிட்டோம் என்று நினைத்தேன். இவர்களை நாற்பது வெள்ளைக்காரருக்கு முன்னால் உரித்து வைத்துவிட்டோம்.

பிறகு பின்கதவு. மனிதன் உள்ளே வந்து செருப்பை உதறிவிட்டுப் போகிறான். ஒன்று கவிழ்கிறது. குசினி வெறுமையாக இருக்கிறது. பெண் வருகிறாள். கையில் சட்டி. எங்கேயோ பார்த்தபடி, பெருவிரலால் அதை நிமிர்த்துகிறாள். ஒரு விநாடிதான். மறுபடியும் அவன் வருகிறான், ஒன்று கவிழ்கிறது, அவள் நிமிர்த்துகிறாள். மழை நாள். வெயில் நாள். கிறிஸ்மஸ் நட்சத்திரம் தொங்கும் நாள். அவன் கவிழ்க்கிறான், அவள் நிமிர்த்துகிறாள். கடைசியில் இரண்டு செருப்பும் பக்கம் பக்கமாக, நேராக. திரை இருண்டது.

கைதட்டினார்கள். மார்த்தா மூக்கைச் சீறினார். நான் நேராகத் திரையைப் பார்த்தபடி இருந்தேன்.

"நான் ஒழுங்காத்தான் கழட்டிறனான் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தன்" என்றார் அத்தான்.

யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. வழக்கப்படி நான் அக்கா பக்கம் திரும்பி, "அக்கா, அத்தான் சொல்லுறார், தான் ஒழுங்காத்தான்..." என்று தொடங்கினேன்.

"ஒழுங்கா!" என்றார் அக்கா. என் மடிக்கு மேலால் சாய்ந்து, அத்தானின் முகத்துக்கு நேரே. "ரெண்டரை வருசத்திலை ஒரு நாள், ஒரே ஒரு நாள், ரெண்டும் நேர கிடந்ததோ? சொல்லுங்கோ பாப்பம்!"

"அப்ப நீர் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

"என்னண்டு சொல்லிறது? உங்களோடைதான் நான் கதைக்கிறேல்லையே!"

கதவருகே ஜெனி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பழக்க தோஷத்தில் நான் மறுபடியும் அக்கா பக்கம் திரும்பினேன்.

"நீ சும்மா இரு தம்பி" என்றார் அக்கா. "நான் அவரோடை கதைக்கிறன்."

எழுந்து இடத்தை விட்டுக்கொடுத்தேன். பாண் இருந்த மேசைக்குப் போய் ஜெனிக்கு ஒரு கரைத்துண்டு வெட்டிக் கொடுத்தேன். வால்தம்ஸ்டோவிலிருந்து கோலியர்ஸ் வுட் வரை, திருஇருதயப் படம் எந்தச் சுவருக்குப் போக வேண்டும், தொலைக்காட்சி எந்தச் சுவருக்குப் போக வேண்டும் என்று அவர்கள் ரயிலில் உரத்துச் சண்டை பிடித்தார்கள். எதிரே இருந்தவர்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள். ஜெனி என் தோளில் சாய்ந்து, "இப்ப இந்தச் சத்தத்திலை இருந்து தப்பத்தான் மூவ் பண்ண வேணும் மாமா" என்றாள். ஆனால் போன கிழமை தொலைபேசியில் கேட்டபோது அவள் இன்னும் மிச்சத்தில்தான் இருந்தாள். பின்னால் இரண்டு பேரின் குரலும் நன்றாகக் கேட்டது.

எழுதி முடித்தது: யூன் மாதம் பன்னிரண்டாம் திகதி, அந்தோனியார் திருநாளுக்கு முதல் நாள், மாவு புளிக்க வைத்துவிட்டுக் காத்திருந்த நேரத்தில்.